அண்ணியின் பெயரில் ஒரு வீடு

பில்ரர் என்று எழுதியிருந்த வரியை வெட்டியது நான்தான். 1997 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை காலை. ரொறன்ரோ ரெக்ஸ்டேலில் பதினோராம் மாடியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்றின் சாப்பாட்டு மேசை. என் மனைவி கிளடிஸ் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி, உள்ளறையில் படுத்திருந்தாள். எனக்கு முன்னால் அவளுடைய தம்பி அன்புராசா இருந்து, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றபடி ஒவ்வொரு சாமானாகச் சொன்னான். நான் கோடு போட்ட தாளில் எழுதினேன். லைற் பன்னிரண்டு. அவற்றுக்கு ட்ரான்ஸ்போமர். காற்றாடி ஆறு. மண், உரம், வாளி, குழாய். வீட்டு வாடகை முதல் மாதமும் கடைசி மாதமும். மணத்தை உறிஞ்சி எடுக்கிற பில்ரர் ஒன்று, அறுநூற்றைம்பது டொலர். கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எட்டு வருடம் கணக்கு எழுதியவன் நான். எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று கண் தானாகத் தேடும். அது பில்ரரில் போய் நின்றது.

"அத்தான், மணம் வெளியில போனால் சரிவராது," என்றான் அன்புராசா.

"இந்தக் குளிருக்க ஆரடா ஜன்னலைத் திறந்து மணந்து பாக்கப்போறான்? ஏப்ரலுக்கு முன்னம் ஒருக்கா வெட்டி எடுத்திடலாம் எண்டு நீதானே சொன்னாய். பிறகு லாபத்தில வாங்குவம்."

பேனையால் ஒரு கோடு. மொத்தம் பதினோராயிரத்து நானூறுக்கு இறங்கியது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று, நாடகம் முடிந்து கைதட்டல் வாங்கியவனைப் போலத்தான் கதிரையில் சாய்ந்தேன்.

நாங்கள் வளர்க்கப்போனது கஞ்சா. அந்தச் சொல்லை நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. 'சாமான்' என்போம். அன்புராசா லெமிங்டன் பக்கம் தக்காளிக் கண்ணாடிவீடுகளில் இரண்டு வருடம் வேலை செய்தவன். அங்கே கூட வேலை செய்த ஒருவன் பேஸ்மென்றில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற காசைப் பற்றிச் சொல்லி, இவனுடைய நித்திரையைக் கெடுத்திருந்தான். நான் வாளி மூடி செய்கிற பிளாஸ்ரிக் பக்ரரியில் நின்றேன். ஐந்து நாள் வேலையை மூன்று நாளாக்கிவிட்டார்கள். தையில் பிள்ளை பிறக்கப்போகிறது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடத்தில் யாரும் என்னிடம் திட்டம் என்று ஒன்றைக் கேட்கவில்லை. மூடியை எடு, அடுக்கு, பெட்டியில் போடு. அன்று அன்புராசா "அத்தான், நீங்கள்தான் இதை ஒழுங்காய் எழுதித் தரவேணும்" என்றபோது நான் பழைய அருள்நாயகமாக நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

என் பங்குக்குச் சீட்டு எடுத்தேன். இருபது பேர், ஆளுக்கு ஐந்நூறு, பத்தாயிரம் டொலர்ச் சீட்டு. நாலாவது மாதமே கழிவு கேட்டு எடுத்ததில் ஆயிரத்து எண்ணூறு போய்விட்டது. மிச்சத்தை அன்புராசா போட்டான். கறண்டைக் களவாக இழுக்க ஒரு ஆள் இருக்கிறான், மாதம் முந்நூறு மிச்சம் என்று சொன்னான். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். "களவு மட்டும் வேண்டாமடா. ஹைட்ரோவுக்குக் கறண்ட் பில்லை ஒழுங்காய்க் கட்டுவம்." இதை நான் சிரிக்காமல்தான் சொன்னேன். அவனும் சிரிக்காமல் தலையாட்டினான்.

தாளில் கடைசியாக ஒரு வரி இருந்தது. வீடு எடுத்தால் அதில் ஒரு குடும்பம் இருக்கவேண்டும். மேலே சமைக்கிற மணம், திரைச்சீலை, குப்பைப் பை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வருகிற ஒரு பெண். வெறும் வீடென்றால் அயலவன் பார்ப்பான். அதற்கு ஆள் வைத்தால் மாதம் ஐந்நூறாவது கொடுக்கவேண்டும். நான் கொஞ்ச நேரம் பேனையை வாயில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'அண்ணி' என்று எழுதினேன். தொகை போடுகிற இடத்தில் ஒரு சைபர்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி அன்ரனெற். அண்ணன் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து கடலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. வள்ளத்தின் ஒரு பலகையைத்தான் கொண்டுவந்து காட்டினார்கள். அண்ணி தொண்ணூற்றைந்தில் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிக் கனடா வந்தாள். எட்டு வயது மகள் ஸ்டெபனியை நீர்கொழும்பில் தன் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தாள். இங்கே அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தரமாக இருக்கிற லாண்டட் பேப்பருக்குப் போட்டாயிற்று. அதில் ஸ்டெபனியின் பெயரும் இருந்தது. பேப்பர் வந்தால் பிள்ளை வந்துவிடும். அதுதான் அவளுடைய ஒரே எண்ணம். ஸ்காபரோவில் மூன்று பெண்களோடு ஒரு அறையில் இருந்துகொண்டு, சமோசா மடிக்கிற கிச்சினில் வேலை செய்து, பிள்ளையின் ரிக்கற்றுக்கென்று சேர்த்துக்கொண்டிருந்தாள். வாடகை இல்லாத வீடு அவளுக்கும் உதவிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வசனத்தை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

கறிவேப்பிலை என்ற யோசனையும் என்னுடையதுதான். அந்த நாட்களில் மாரிகாலத்தில் ரொறன்ரோத் தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலை பிளேனில் வரும். நாலு நெட்டு, பாதி கறுத்து, இரண்டு டொலர். பேஸ்மென்றில் லைற் போட்டுக் கறிவேப்பிலை வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கப்போகிறோம் என்றால் நம்பாத தமிழ் ஆள் உண்டா? அண்ணி நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் மகிழ்ந்தும் போனாள்.

"நல்ல யோசினை தம்பி. உங்கட கொண்ணரும் இப்பிடித்தான், ஏதும் புதிசாய் யோசிச்சுக்கொண்டிருப்பார்," என்றாள்.

ஒஷாவாவில் ஒரு பங்களா வீடு. வீட்டுக்காரன், குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்று நின்றான். ஆகவே வாடகை எழுத்து அண்ணியின் பெயரில். ஹைட்ரோவும் அவள் பெயரில். வீட்டுக்காரனின் மேசையில் கடதாசிகளை விரித்து, எங்கெங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று நான் விரலால் காட்டினேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் முழுப்பெயரையும் எழுதினாள். ஏழு இடம். ஓரிடத்திலும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் தொடங்கினோம். அண்ணி குசினியில் மடு மாதாவின் படத்தை மாட்டி, பேஸ்மென்றுக்கு இறங்குகிற கதவுக்கும் தீர்த்தம் தெளித்தாள். கதவு பூட்டியிருக்கும், கீழே இறங்கினால் குளிர் போய்ச் செடி பட்டுவிடும் என்று சொல்லியிருந்தோம். நெருப்புப் பிடித்தாலும் என்று ஒரு திறப்பை மட்டும் அவளிடம் கொடுத்தோம். அவள் ஒருநாளும் இறங்கவில்லை. நானும் அன்புராசாவும் கிழமையில் மூன்று நாள் போவோம். போகிற நேரமெல்லாம் எங்களுக்கு மீன்குழம்பும் சோறும் இருக்கும். மாசிமாதமளவில் மணம் வரத் தொடங்கியது. "என்ன தம்பி, இது கறிவேப்பிலை மாதிரி மணக்கேல்லையே," என்றாள் ஒருநாள். "பூச்சிக்கு அடிக்கிற மருந்து அண்ணி," என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது எங்கள் சனத்தை. அண்ணி ஒவ்வொரு ஞாயிறும் பஸ் பிடித்து ஸ்காபரோவுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போய்வருவாள். வெளிநாட்டில் தனிமையாகக் கிடக்கிற பெண்ணுக்கு, தன் கொழுந்தன் தோட்டம் போட்டிருக்கிறான் என்று சொல்லுவதில் ஒரு பெருமை இருக்காதா? சொன்னாள். பூசை முடிந்து வாசலில் நின்ற பெண்களெல்லாம் சுற்றிக்கொண்டார்கள். ஒரு கன்று தாங்கோ, ஒரு கொப்புத் தாங்கோ. ஏப்ரலில் தாறன் என்று அண்ணி எல்லோருக்கும் சொன்னாள். கறிவேப்பிலை இருக்கிறது என்று கேள்விப்பட்ட தமிழ்ச் சனம் ஏப்ரல் வரைக்கும் பொறுத்திருக்கும் என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான். பங்குனி இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு ஐந்து வான்கள் அவளையும் ஏற்றிக்கொண்டு ஒஷாவாவுக்கு வந்துவிட்டன. மீன்பணிசும் பலகாரமும் கூட வந்தன. வந்தவர்கள் வான்களைக் கண்ட இடத்தில் விட, பக்கத்து வீட்டுக் கிழவரின் கார் வெளியே வரமுடியாமல் நின்றது. கிழவர் பொலிசுக்கு ரெலிபோன் அடித்தார், வான்களைப் பற்றிச் சொல்ல.

நானும் அன்புராசாவும் அங்கே இல்லை. நடந்ததையெல்லாம் அண்ணி பிறகுதான் சொன்னாள். சனம் தேத்தண்ணி குடித்து, நாலு கொப்பாவது பிடுங்கித் தரும்படி கெஞ்சி, அண்ணி முடியாது என்று சொல்ல, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு அங்கிள் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசி வான் புறப்பட்டபோதுதான் பொலிஸ்காரன் வந்தான். சின்ன வயது. வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியதாம். அண்ணி ஊரில் பொலிஸ் ஜீப்பைக் கண்டால் வேலிக்குள்ளால் ஓடியவள். ஆனால் அவள் கனடா வந்த புதிதில் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்: "இஞ்சத்தப் பொலிஸ் நல்லவங்கள் அண்ணி. அவங்களுக்குப் பயப்பிடத் தேவையில்லை." அதனால் அவள் அவனை உள்ளே கூப்பிட்டு, இருக்கச் சொல்லி, தேத்தண்ணி வைக்கப் போனாள். அவன் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, கீழே என்ன என்று கேட்டான்.

"கறி லீவ்ஸ்," என்றிருக்கிறாள் அண்ணி. "யூ வோன்ற்?"

எங்களுடைய சனத்துக்கு முடியாது என்று சொன்னவள், அந்தக் குளிரில் நின்றவனுக்கு இல்லையென்று சொல்ல மனம் வராமல், திறப்பை எடுத்துக் கொடுத்தாள்.

பொலிஸ் அண்ணியைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கே அன்புராசா மொன்றியலுக்குப் போய்விட்டான். நான் எங்கேயும் போகவில்லை. போகவேண்டிய தேவை இருக்கவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு கடதாசியிலும் என் பெயர் இல்லை. அதை உணர்ந்த நேரம் எனக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டையும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன். மூன்றாம் நாள் ஒஷாவாவுக்குப் போய், அவளுடைய கணவனின் தம்பி என்று கையெழுத்து வைத்து, பிணையில் கூட்டிக்கொண்டு வந்தேன். காரில் பிக்கறிங் தாண்டும்போது அவள் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஒருத்தருக்கும் வாயே திறந்திருக்கமாட்டன் தம்பி."

அதற்கு மேல் அவள் என்னைக் குற்றம் சொன்னதில்லை. எங்கள் வீட்டு ஹோலில் அவளுக்குப் படுக்கை. என் மகனுக்கு அப்போது இரண்டு மாதம். கிளடிஸ் வேலைக்குத் திரும்பியதும் அண்ணிதான் அவனைக் குளிப்பாட்டினாள், பாலூட்டினாள், நெஞ்சில் போட்டுத் தட்டினாள். கிளடிஸுக்கு எல்லாம் தெரியும். தம்பியும் புருஷனும் என்ற இரண்டு பேருக்கும் நடுவில் அவள் வாயை மூடிக்கொண்டாள். இமிகிரேஷனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கு முடியும்வரை அண்ணியின் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. நான்தான் அதை அவளுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். ஸ்டெபனி எப்ப வாறாள் என்று நீர்கொழும்பிலிருந்து தங்கச்சி கேட்கிறபோது, "பேப்பர் கொஞ்சம் சுணங்குதாம்," என்று அண்ணி ரெலிபோனில் சொல்லுவாள். நான் அந்த நேரம் பல்கனிக்குப் போய்விடுவேன்.

லோயர் வெள்ளைக்காரன். ஒஷாவாவில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே கந்தோர். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்புக்கு ஆள் பிடித்தால் மணிக்கு நாற்பது டொலர், சொந்தக்காரன் இருக்கும்போது அது எதற்கு என்று நானே சொன்னேன். கணக்குப் பிள்ளையின் புத்தி. ஆவணி மாதம் ஒருநாள் அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, முன்னுக்குக் குனிந்து, நிதானமாகச் சொன்னார். இந்தப் பெண் தானாக இதைச் செய்யவில்லை என்று அரச தரப்புக்கே தெரியும். செய்வித்தவர் யார் என்று சொன்னால் இவள்மேல் உள்ள வழக்கை எடுத்துவிடுவார்கள். சொல்லாமல் தண்டனை பெற்றால் லாண்டட் பேப்பரும் இல்லை, மகளும் இல்லை; இவளையே திருப்பி அனுப்பவும் கூடும். 'அவளிடம் கேள்,' என்றார் என்னைப் பார்த்து.

நான் அண்ணியின் பக்கம் திரும்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அந்த ஒன்றையாவது நேர்மையாகச் செய்தேன் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முன்னால் என் முகத்தை வைத்துக்கொண்டு, செய்தவன் ஆர் என்று கேட்கினம் அண்ணி என்று கேட்பதில் என்ன நேர்மை? அவள் என்னை நேரே பார்த்தாள். என் சேர்ட்டின் தோள்பட்டையில் என் மகன் காலையில் கக்கிய பால் காய்ந்துபோயிருந்தது. அதைப் பார்த்தாள். கைப்பையின் வாரை இரண்டு தரம் விரலில் சுற்றினாள்.

"ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லும் தம்பி."

நான் இங்கிலிஷில் சொன்னேன். லோயர் என்னையும் பார்த்து, அவளையும் பார்த்து, பைலை மூடினார். இறங்கி வருகிற படியில் நான் அவளுடைய கையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். நானே போய்ச் சொல்லுறன் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பிள்ளையின் முகமும், வேலையும், அடுத்த வருடம் வரப்போகிற என் சிற்றிசன்சிப்பும் வந்து அதை மறித்தன. சப்பாத்துக் கடையில் மலிவு விற்பனை நடந்தது. அண்ணி கண்ணாடிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். சின்னப் பிள்ளைகளின் சப்பாத்துகள்.

தவணைக்கு மேல் தவணை போய், 1999 மாசியில் வழக்கு வந்தது. நானும் அண்ணியும் மட்டும் போனோம். கோட்டுக் கொரிடோரில் நீளமான மரவாங்கு. சப்பாத்துப் பனி உருகி நிலமெல்லாம் ஈரம். கோட்டே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு பண்ணியிருந்தது. யோகமலர் என்று பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் கொழுவியிருந்த, தலைமயிரைக் கட்டையாக வெட்டிய அம்மா. வந்து எங்கள் பக்கத்தில் நின்று, "அக்கா, உள்ளுக்க நீங்கள் என்ன சொன்னாலும் அதை அப்பிடியே சொல்லுறதுதான் என்ர வேலை. கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அண்ணி தலையாட்டினாள். பிறகு மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பிள்ளை பெரிசாகிட்டாள் தம்பி. போன வெள்ளிக்கிழமை. தங்கச்சி சொன்னவள்."

அந்த நேரம் என் வாயில் வந்தது இதுதான்:

"சடங்குக்குக் காசு ஏதும் அனுப்பட்டே அண்ணி?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பஸ்சில் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்ப்பதுபோல, அவ்வளவுதான். "பயந்து அழுதுகொண்டு நிண்டவளாம்," என்றாள். "அம்மா எங்கையெண்டு கேட்டவளாம்." உள்ளேயிருந்து அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள், அன்ரனெற் என்பதை அவர்கள் விதத்தில். அவள் எழும்பி, தடித்த ஜக்கெற்றைக் கழற்றி, மடித்து, என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனாள்.

நானும் உள்ளே போயிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. நான் வெளியே நின்றேன். கதவில் ஒடுங்கிய கண்ணாடி ஒன்று இருந்தது. அதற்குள்ளால் நீதவானின் தலையும், எங்கள் லோயரின் முதுகும், அண்ணியின் ஒரு பக்கமும் தெரிந்தன. நீதவான் ஏதோ கேட்டார். யோகமலர் அண்ணியின் காதுக்குள் சொன்னாள். அண்ணி ஒருமுறை தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, பேசத் தொடங்கினாள். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஒருத்தரும் இல்லை என்பது இரண்டு சொல். அதைச் சொல்லி முடிக்க எடுக்கிற நேரம் எப்பவோ கடந்துவிட்டது. யோகமலர் மொழிபெயர்க்கத் தொடங்கவில்லை. நீதவானுக்கு ஒரு கையைக் காட்டி, பொறுக்கச் சொல்லிவிட்டு, அண்ணியின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். என் கையில் ஜக்கெற் இன்னும் சூடாக இருந்தது. அண்ணி பேசிக்கொண்டேயிருந்தாள்.